வட்டாரப் பெயர்: வெள்ளச்சி

“வெள்ளச்சீ” என்ற அந்தக் கூப்பாட்டில் கடைசி எழுத்துதான் முக்கால் பங்கு. தொண்டையில் கிளம்பி, மூக்கில் கொஞ்சம் தங்கி, எதிர்ச்சரிவில் போய் மோதி, போனதைவிட மெலிந்து திரும்பி வந்தது. தாண்டிக்குடிக்கு மேலே, ஒரு தை மாதக் காலையில், ஐம்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் கேட்டது. இப்போது மதுரையில், காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி வைத்திருக்கும் கல்லூரி ஹெர்பேரியத்தில், கரண்ட் போய் மின்விசிறி நின்றதும் மறுபடி கேட்கிறது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தவரை கேட்கவில்லை. இத்தனை வருஷமும் என் தலைக்குள்ளும் ஏதோ ஒரு விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். தெரசு ஸ்கேன் மெஷினின் மூடியைத் திறந்து வைத்தாள். “போச்சா. பதினொண்ணுக்குப் போனா பன்னெண்டுக்குத்தான் வரும் மிஸ். உங்களுக்கு யோகம், நிதானமாப் பாருங்க” என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் திறக்கப் போனாள். இந்த உலர்செடித் தாள்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். நான் இங்கே தாவரவியல் நடத்திய காலத்தில் ரெட்டைச் சடையோடு வேலைக்குச் சேர்ந்தாள், இப்போது அவளுக்கே வெள்ளெழுத்துக் கண்ணாடி. பாச்சை உருண்டை வாசனைக்குள் வெளியிலிருந்து வேப்பம்பூ வாசனை வந்து கலந்தது. கல்லூரி தன்னிடமுள்ள தாள்களை எல்லாம் படமெடுத்து இணையத்தில் போடுகிறது. அவரவர் சேகரித்ததை அவரவரே வந்து ஒரு முறை சரிபார்த்துவிட்டுப் போகச் சொல்லி, உயிரோடு இருக்கிறவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டிருந்தார்கள். என் தாள்கள் நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்றைப் பார்த்து முடித்து, பென்சிலால் சரி போட்டுவிட்டேன். கடைசித் தாள் முன்னால் கிடக்கிறது. வலது மூலையில் என் இருபத்திரண்டு வயதுக் கையெழுத்து, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, யாரோ பக்கத்தில் நின்று பார்ப்பதுபோன்ற அடக்கத்தோடு. குடும்பம்: லொகானியேசி. பெயர்: புட்லெயா ஏசியாட்டிகா. வட்டாரப் பெயர்: வெள்ளச்சி. சேகரித்தவர்: செல்வி லோகநாயகி. இதில் வட்டாரப் பெயர் என்ற வரி தவறு. படித்தவர்களில் அது தவறென்று தெரிந்த ஒரே ஆள் நான். பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் வந்து தெரசு பொத்தானை அமுக்கியதும் அது ஊர் உலகத்துக்கெல்லாம் போய்விடும்.

செடி என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. என்னைவிட நன்றாக. ஐம்பத்தோரு வருஷம் காகிதத்தோடு ஒட்டிக் கிடந்தும் இலையின் மேற்புறம் காப்பித் தூள் நிறத்துக்கு வந்ததே தவிர அடிப்புறத்து வெள்ளை போகவில்லை. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் சொல்வேன். இலையைத் திருப்புங்கள், முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆளைவிட உயர்ந்த புதர். இளங்கிளைகள் விபூதி பூசினது போலச் சாம்பல். இலைகள் எதிரெதிராக, ஈட்டி வடிவில், நுனி நீண்டு கூர்மையாக. அடியில் கம்பளி. அந்தக் கம்பளியை லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு மயிரும் ஒரு நட்சத்திரம். ஒரு இலையின் அடியில் ஒரு வானம் என்று எழுதி, பிறகு வெட்கப்பட்டு அடித்தேன், நோட்டுப் புத்தகத்தில் இன்னும் இருக்கும். பூங்கொத்து கிளை நுனியில் நீண்டு, பூனை வால்போல வளைந்து தொங்கும். பூ வெள்ளை, அரிசி அளவு, சின்னக் குழாய், நாலு மடல். நாலு மகரந்தத் தாள்களும் குழாய்க்குள்ளேயே, வெளியே தலை காட்டாது. சூலகத்துக்கு இரண்டு அறை. காய் வெடித்தால் விதை தூசியாகப் பறக்கும். தேன் வாசனை, கொஞ்சம் தூக்கலாக, கலியாண வீட்டுக் கூடத்தில் நுழைந்தது போல. வண்ணத்துப்பூச்சிகள் அதில் உட்காரும்போது கூட்டமாக இருக்கும், சண்டை இருக்காது. எதிரெதிர் இலைக்காம்புகள் இரண்டும் தண்டைத் தொடுமிடத்தில் குறுக்கே ஒரு கோடு ஓடும், அந்தக் கோட்டுக்கு, அது எதனுடைய மிச்சமோ அதற்கு, ஒரு பெயர் உண்டு. அதற்குப் பெயர். முப்பத்து மூன்று வருஷம் கரும்பலகையில் எழுதிய பெயர். இங்கிலீஷிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. போன மாதம் கடையில் இப்படித்தான் ஆயிற்று. “அது குடுப்பா, ரசத்துக்குப் போடுவாங்களே” என்றேன். “ரசத்துக்கு எவ்வளவோ போடுவாங்க பெரியம்மா, பேரைச் சொன்னா உண்டு” என்றான் கடைக்காரன், பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து பார்த்துச் சீரகம் என்று எழுதி ஒட்டினேன். அதன்பிறகு எல்லா டப்பாவிலும் ஒட்டினேன். சமையலறையே ஒரு ஹெர்பேரியம் ஆகிவிட்டது. அது வேடிக்கையாகத்தான் இருக்கிறது, பகலில். பயமென்றால் வேறு பயம். செடிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் போகட்டும், எங்கேயோ எழுதி வைத்திருக்கிறது, மற்றவர்கள் படித்துக்கொள்வார்கள். இந்த ஒரு பெயர் தவறென்ற சங்கதி மட்டும் எங்கும் எழுதியில்லை. என் தலைக்குள் மட்டும் இருக்கிறது, அந்தத் தலையோ ஓட்டை விழுந்துவிட்டது. ஒருநாள் இதே தாளை யாராவது காட்டினால், ஆமாம், வெள்ளச்சி, மலைக்காரர்கள் சொன்ன பெயர் என்று நானே சொல்வேன். மனதாரச் சொல்வேன். இலையடிச்செதில். வந்துவிட்டது. இலையடிச்செதில், இலையடிச்செதில். எங்கே போயிருந்தாய்.

அன்றைக்கு நாங்கள் பதினொரு பெண்கள், அருளப்பன் சார் தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். எங்கள் பேராசிரியர். மலைச் செடிகளைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு செடிக்கும் நாலு வரி லத்தீன், பத்து வரி வருணனை, கடைசியில் அந்த ஊர்க்காரர் சொல்லும் தமிழ்ப் பெயர். “பேரில்லாமச் செடியை அச்சடிச்சா ஊமைப் பிள்ளைக்கு ஃபோட்டோ எடுத்த மாதிரி” என்பார். இந்தச் செடியைப் பட்டாம்பூச்சிப் புதர் என்றால் கோபம் வரும், அது வெள்ளைக்காரன் தோட்டத்துப் பேரு, மலைக்காரன் என்ன சொல்றான்னு கேட்டுட்டு வாங்க. நான் கூட்டத்தைவிட்டு மேலே ஏறிப் போனேன். ஓர் அக்கா விறகு கட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் புதர் எங்களுக்கு நடுவே, முழுக்கப் பூத்து, பூச்சிகள் மொய்க்க. கிளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, இதுக்கு என்ன பேரு?” என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து புதரைப் பார்த்தாள். நேராகப் புதரையே பார்த்துத்தான், சத்தியமாக, “வெள்ளச்சீ” என்றாள். மலைக்காரர்கள் சத்தமாகப் பேசுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பென்சிலைக் கூர் பார்த்துக்கொண்டு, “இன்னொரு தடவை சொல்லுங்கக்கா” என்றேன். அவள் இன்னொரு தடவை, இன்னும் பலமாக, எதிர்ச்சரிவு திருப்பிச் சொல்லும்படி சொன்னாள். எழுதிக்கொண்டேன். புதருக்குப் பின்னாலிருந்து ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று, கருகருவென்று, வாய் நிறைய எதையோ மென்றுகொண்டு வந்தது. தலையெல்லாம் வெள்ளைப் பூ. அதற்கு ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு ஓடிவிட்டது. இவ்வளவுக்கும் எனக்கு அப்போது தாவரவியலில் முதல் மார்க். பிள்ளையைப் பார்த்தேன், பெயரைக் கேட்டேன், இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. எதிரே இருப்பதெல்லாம் எனக்குச் செடியாகவே தெரிந்த வயது.

சார் அன்று மாலை பண்ணைக்காட்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து என் நோட்டைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். “வெள்ளச்சி. அடடா. பாருங்கம்மா, இலையோட அடி வெள்ளை, கிளை வெள்ளை, பூ வெள்ளை. எழுதப் படிக்கத் தெரியாத சனம் இலையைத் திருப்பிப் பார்த்துப் பேர் வச்சிருக்கு.” அதைப் பற்றி அரைப் பக்கம் எழுதினார். அடிக்குறிப்பில் இப்பெயரைக் கண்டறிந்து தந்தவர் செல்வி லோகநாயகி என்று போட்டார். என் பெயர் அச்சில் வந்த ஒரே இடம் அதுதான். பிறகு நான் புத்தகம் எழுதவில்லை, கவிதை எழுதிக் கிழித்தேன், விடைத்தாள் திருத்தினேன். மற்றப் பெண்களுக்குப் பொறாமை. லோகநாயகி, லொகானியேசி, எட்டிக்காய்க் குடும்பத்துக்காரி என்று பாடினார்கள், எட்டியும் தேற்றாங்கொட்டையும் அந்தக் குடும்பம்தானே. எனக்கு அது பட்டம் வாங்கினது போல இருந்தது. எட்டு வருஷம் அந்தப் பட்டத்தோடு நடந்தேன். எட்டாவது வருஷம் என் மாணவிகளை அதே சரிவுக்குக் கூட்டிப்போனேன். அவர்கள் கீழே எலுமிச்சஞ் சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், நல்லவேளை. அதே அக்கா, அதே விறகு. மூக்காயி என்று பெயர், அன்றைக்குத்தான் கேட்டேன், எட்டு வருஷம் கழித்து. “அக்கா, என்னைத் தெரியுதா, இந்தச் செடிப் பேரைச் சொன்னீங்களே.” “இதுக்கா? இதுக்கு எதுக்குத் தாயி பேரு? ஆடு கடிக்காது, அடுப்புல நின்னு எரியாது, பிள்ளைக்கு மருந்துக்கும் ஆவாது. சும்மா பூக்கும்.” “வெள்ளச்சின்னு சொன்னீங்களேக்கா.” மூக்காயி விறகுக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்ததில் கண்ணில் தண்ணீர். “வெள்ளச்சி எம் மகள்ல. கறுப்பாப் பொறந்துச்சேன்னு எங்க மாமியா வச்ச பேரு. செடிக்குள்ள பூந்துக்கிட்டு வர மாட்டேன்னுச்சு, கூப்பிட்டேன். அதையா எழுதிக்கிட்டுப் போன? படிச்ச பிள்ளை.” நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். ஒரு மணி நேரம் சிரித்திருப்போம். மலையிறங்கும்போது பஸ்ஸில் ஏழாவது வளைவில்தான் உறைத்தது. சாரிடம் சொல்லியாக வேண்டும். அடுத்த ஞாயிறு போனேன். கண் ஆபரேஷன் முடிந்து இரண்டு கண்ணிலும் பச்சைத் துணி தொங்க, நாற்காலியில் இருந்தார். “யாரு, லோகநாயகியா? உட்காரும்மா. பார்க்க முடியலைன்னா என்ன, பேரெல்லாம் மனசுல வரிசையா வருது.” விரல் விட்டுச் சொன்னார், தவிட்டை, ஆரம்பூ, கொரண்டி, வெள்ளச்சி. வெள்ளச்சியில் விரல் நின்றது. “அது உன்னோடது.” “சார்” என்றேன். காப்பி வந்தது. குடித்தேன். இன்றைக்கு வெயில் ஜாஸ்தி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஆவணியில் அவர் போய்விட்டார். அதன்பின் யாரிடம் சொல்வது என்பதே ஒரு சாக்காகிவிட்டது. புத்தகத்தைப் பார்த்து மாவட்டப் பட்டியலில் போட்டார்கள், பட்டியலைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பாடத் துணைநூலில் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சின்னதாக ஒரு பெருமை வந்தது, அதன் பின்னாலேயே, படியேறும்போது வாசலில் யாரோ நிற்பது போல, பயம்.

ஹெர்பேரியத்தில் ஒரு வழக்கம். யார் எழுதியது எவ்வளவு தவறானாலும் பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டி, சரியானதை எழுதி, பெயரும் தேதியும் போட வேண்டும். தவறும் இருக்கும், திருத்தமும் இருக்கும், பார்க்கிறவர்கள் இரண்டையும் பார்ப்பார்கள். மனிதர்கள் இதுபோல ஒன்றைக் கண்டுபிடித்திருப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். இந்தத் தாளிலேயே எனக்குப் பின் இரண்டு சீட்டு. ஒருவர் செடியை எட்டிக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தனிக் குடும்பம் வைத்திருக்கிறார். இருபது வருஷம் கழித்து இன்னொருவர், அதைக் கலைத்து, ஸ்க்ரோஃபுலேரியேசி என்ற வேறொரு பெரிய குடும்பத்தில் சேர்த்துவிட்டார். மூன்று வீடு மாறினவள். இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு. “என்ன மிஸ், கோந்து பாட்டிலையே பாத்துக்கிட்டிருக்கீங்க” என்றாள் தெரசு, ஜன்னல் திண்டில் ஏறி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டே. அவளிடம் சொல்லிவிட்டால் என்ன. சொன்னால் சிரிப்பாள், சிரித்தால் பரவாயில்லை. எழுதினால்தான் கஷ்டம். எழுதினால் சாரின் அரைப் பக்கம் போய்விடும், வெள்ளை இலையைத் திருப்பிப் பார்த்த சனம் போய்விடும், என் அடிக்குறிப்பு போய்விடும். நான் இருந்ததற்கு அச்சில் ஒரு அடையாளம் இருக்கிறது, அதை நானே கோந்து தடவி மூட வேண்டும். எழுதாவிட்டால் பத்திரமாக இருக்கும், நான் மறந்தபிறகு இன்னும் பத்திரமாக. “தெரசு, இந்தச் செடியைப் பார்த்திருக்கியா?” என்று மட்டும் கேட்டேன். இறங்கி வந்து கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தாள். “வெள்ளச்சிதான? நம்ம மாடியில தொட்டியில நிக்குதே மிஸ். எங்க நாத்தனார் கொடைக்கானல் நர்சரியில வாங்கியாந்தா. மதுரை வெயிலுக்குப் பூக்க மாட்டேங்குது, இலையா விட்டுத் தள்ளுது.” “வெள்ளச்சின்னு யார் சொன்னது?” “யாரு சொல்றது, அது பேரே அதான. தாண்டிக்குடியிலதான நாத்தனாரைக் கட்டிக் குடுத்தது. அவ மாமியா தை பொறந்தா, வெள்ளச்சி பூத்தாச்சா, பாத்துட்டு வாங்கடான்னு பிள்ளைங்களை விரட்டும். அது நல்லாப் பூத்தாத் தேனெடுக்கப் போவாங்களாம்.” பேரே இல்லாத செடிக்கு நான் தவறாக எழுதியது, மலையிறங்கி, அச்சேறி, பள்ளிக்கூடம் போய், மறுபடி மலையேறி, அங்கேயே பிறந்ததுபோல உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கு ஒரு சின்னப் பெண் அந்தச் சரிவில் போய்க் கேட்டால் சரியான பதில் கிடைக்கும். நான்தான் முன்கூட்டிப் போய்விட்டேன், அவ்வளவுதான்.

அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். இன்னும் ஒரு சாக்கும் கையில் இருந்தது. லத்தீன் பெயர் மட்டும் என்ன. புட்லெயா என்பது இங்கிலாந்தில் எப்போதோ இருந்த ஒரு பாதிரியாரின் பெயர், அவர் செத்துப்போன பிறகு மரியாதைக்காக வைத்தது. அவர் இந்தச் செடியைப் பார்த்ததே இல்லை. வெள்ளச்சியாவது அதற்குள் புகுந்து உட்கார்ந்திருந்தாள், தலையெல்லாம் பூவாக வந்தாள். பாதிரியாருக்கு இருக்கும் உரிமை அவளுக்கு இல்லையா. இருக்கிறது. அவளுக்கு இருக்கிறது. எனக்குத்தான் இல்லை. இந்த இடத்தில் எண்ணம் வந்து வந்து முட்டி நின்றது, ஜன்னல் கண்ணாடியில் முட்டும் ஈ மாதிரி, பக்கத்துக் கதவு திறந்திருப்பது தெரியாமல். கண்டறிந்து தந்தவர் நானில்லை என்று எழுதினால் என்ன போகும்? அடிக்குறிப்பு போகும். பெயர் போகாது, பெயர் இனி யார் சொன்னாலும் போகாது. இத்தனை வருஷம் இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பயந்திருக்கிறேன், பிள்ளையையும் செடியையும் ஒன்றென்று நினைத்தது போல. பேனாவைத் திறந்தேன். கறுப்பு மை, அழியாதது. பெரிய எழுத்தாகவே எழுதினேன். “வட்டாரப் பெயர் பற்றி: 1973-ல் நான் தவறாகக் கேட்டு எழுதியது. மூக்காயி என்பவர் தம் மகளைக் கூப்பிட்டார். அப்போது அவ்வூரில் இச்செடிக்குப் பெயர் இல்லை. இப்போது உண்டு, இதுவே. பெயர் தந்தவர் மூக்காயி. லோகநாயகி.” தேதி போட்டேன். கோந்து தடவி ஒட்டி, நாலு மூலையையும் விரலால் அமுக்கினேன். தெரசு தோளுக்கு மேலாக எட்டி, ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தாள். பாதியில் ஒரு கடலை புரையேறியது. “ஐயோ மிஸ். அம்பது வருஷமா? மாடியில நான் தண்ணி ஊத்திக்கிட்டிருக்கறது ஒரு பொம்பளப் பிள்ளைக்கா?” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள், நான் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், தாள் மேல் எச்சில் தெறித்துவிடுமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். உடம்பு லேசாகிவிட்டது, இரண்டாள் தூக்குகிற பீரோவுக்குள்ளிருந்து துணியையெல்லாம் எடுத்துவிட்டது போல. விசிறி ஒரு முனகலோடு சுற்ற ஆரம்பித்தது. மெஷினில் பச்சை விளக்கு வந்தது. தெரசு தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் வெளிச்சத்தின் கீழ் வைத்தாள், ஈரச் சீட்டின் ஓரத்தை ஒரு முறை ஊதினாள், அமுக்கினாள். “அந்தப் பிள்ளை என்ன மிஸ் ஆச்சு?” என்று மெஷினைப் பார்த்தபடியே கேட்டாள். தெரியும் என்றேன். அன்றைக்கு விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்து மூக்காயி பாதியைச் சொன்னாள், மீதியைப் பண்ணைக்காட்டுக்கு வாத்தியார் வேலைக்குப் போன என் மாணவி ஒருத்தி அவ்வப்போது எழுதுவாள். நான் பெப்பர்மின்ட் கொடுத்த அந்த வருஷம் ஆனியில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, இதெல்லாம் ஒரு பேரா என்று தலைமையாசிரியர் விமலா என்று எழுதிவிட்டார். அதன்பின் வீட்டிலும் யாரும் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. விமலாவாகவே பெரியகுளத்தில் முப்பத்தைந்து வருஷம் நர்ஸாக இருந்து, போன மாதம் ஓய்வு பெற்றாள்.